நாயை விடுதியில் விடுவதற்கு முன்: 6 வாரத் தயாரிப்பு

பயணம் உறுதியான பிறகுதான் பலருக்கு நாயின் நினைவு வருகிறது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதியைத் தேடுவார்கள், தடுப்பூசி அட்டையைத் தேடுவார்கள், கடைசியில் நாயை ஒப்படைத்துவிட்டு ஓடுவார்கள். நாய்க்கோ அன்று இடம் புதிது, ஆள் புதிது, வாசனை புதிது, சாப்பாடும் தரையும் புதிது. சுற்றிலும் முன்பின் தெரியாத நாய்கள் குரைக்கின்றன. தெரிந்த ஒரே முகமும் வாசலோடு மறைந்துவிடுகிறது. விடுதியில் சாப்பிடாமல் கிடப்பது, பேதியாவது, விடாமல் குரைத்துத் தொண்டை கட்டுவது எல்லாம் பெரும்பாலும் இத்தனையும் ஒரே நாளில் வந்து மோதுவதால்தான்.

ஆகவே இவற்றை ஒவ்வொன்றாக முன்கூட்டியே நாய்க்குப் பழக்கிவிட வேண்டும். தயாரிப்பு என்பது அவ்வளவுதான். அதற்கு 6 வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். அவ்வளவு நாள் இல்லையென்றாலும் தடுப்பூசியையும் ஓர் இரவு ஒத்திகையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாய்க்கு விடுதி ஒத்துவருமா?

எல்லா நாய்க்கும் ஒத்துவராது. தடுப்பூசிகள் முடியாத குட்டி, அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நாய், பார்வையும் நினைவும் மங்கி இரவில் தடுமாறும் கிழநாய், தனியாக விட்டால் கதவைக் கடித்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும் நாய் ஆகியவற்றுக்குத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது. கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் அது பருவத்துக்கு வரும் நாட்களைக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை வரும், 2 முதல் 3 வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் பல விடுதிகள் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால், எங்கே தனியாக வைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

விடுதியை நேரில் பார்ப்பது

படங்களை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் முதலில் போங்கள். நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்ட மறுத்தால் வேறு விடுதியைப் பாருங்கள்.

உள்ளே போனதும் மூக்கைக் கேளுங்கள். நாய் இருக்கும் இடத்தில் நாய் வாசனை வரத்தான் செய்யும். ஆனால் கண்ணை எரிக்கும் மூத்திர நெடி அடித்தால் காற்றோட்டமும் இல்லை, கழுவலும் ஒழுங்காக இல்லை என்று பொருள். தரையில் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, வெயில் நேரத்தில் நிழல் இருக்கிறதா, வெளிவாசலுக்கும் நாய்கள் உலவும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கதவு மட்டும் உள்ள இடத்தில், யாராவது உள்ளே வரும் அந்த ஒரு நொடியில் நாய் நழுவிவிடும். விடுதியிலிருந்து நாய் தொலைந்து போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிறகு கேள்விகள். இரவில் ஆள் தங்குகிறாரா, இல்லை பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்களா? ஒரு நாளில் எத்தனை முறை வெளியே விடுகிறார்கள்? விளையாட விடும்போது சின்ன நாயையும் பெரிய நாயையும் பிரிக்கிறார்களா, ஓர் ஆளுக்கு எத்தனை நாய்? இருமுகிற நாயைத் தனியாக வைக்க அறை உண்டா? அவசரமென்றால் எந்த மருத்துவரிடம், எப்படிக் கொண்டுபோவார்கள்?

பலர் கேட்க மறப்பது, எதைக் கொண்டு தரையைக் கழுவுகிறீர்கள் என்பது. நாய்களுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ், சாதாரண சோப்புக்கும் பல தரை கழுவும் திரவங்களுக்கும் சாகாது. வீட்டில் பயன்படும் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, முதலில் அழுக்கை நீக்கிய தரையில் ஊற்றி 10 நிமிடம் நிற்கவிட்டால் சாகும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கிலேயே போய்விடும். இந்த வேறுபாடு தெரிந்து பதில் சொல்லும் விடுதியில் மற்ற விஷயங்களும் ஒழுங்காக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

தடுப்பூசி, உண்ணி, குடற்புழு

ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, நாய்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான ஊசிகள் எல்லா நாய்க்கும் கட்டாயம். விடுதிக்குப் போகும் நாய்க்கு இவற்றோடு கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கான தடுப்பும் வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ ஊசி, நாய்களுக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கான ஊசி ஆகியவை தேவையா என்று உங்கள் பகுதியின் நிலைமை தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

6 வாரம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். லெப்டோ ஊசியை முதல் தடவை போடும்போது 2 முதல் 4 வார இடைவெளியில் 2 டோஸ் போட வேண்டும். இரண்டாவதுக்குப் பிறகும் உடலில் எதிர்ப்பு உருவாக நாளாகும். கென்னல் காஃப் தடுப்பை ஊசியாகப் போட்டாலும் முதல் முறை 2 டோஸ்தான். மூக்கில் விடும் வகை ஒரே டோஸில், சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அதை விட்ட பிறகு சில நாய்கள் சில நாள் தும்மும், இலேசாக இருமும். கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு போனால், அது மருந்தால் வந்த தும்மலா நோயா என்று விடுதிக்காரருக்குத் தெரியாது. எந்தத் தடுப்பு மருந்தாக இருந்தாலும் விடுதியில் நிஜமாகத் தங்கப் போவதற்கு 2 வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கென்னல் காஃப் பல கிருமிகளால் வருவது. தடுப்பு போட்ட நாய்க்கும் வரலாம். போட்டிருந்தால் கடுமையாகாமல் தணிந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நாய்களில் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, சுவர் விரிசல்களிலும் கூண்டு இடுக்குகளிலும் முட்டையிட்டு, கட்டடத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. பல நாய்கள் வந்துபோகும் இடம் அதற்கு வசதி. நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவதும் அதுதான். மாத்திரையாகக் கொடுப்பதோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, எதுவானாலும் அதன் பலன் தங்கும் நாட்கள் முழுவதையும் மூடும்படி தேதியைக் கணக்கிடுங்கள். சொட்டு மருந்து என்றால் அதற்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. குளித்துப் பளபளவென்று போகட்டும் என்று கிளம்பும் காலையில் ஷாம்பூ போட்டால் மருந்தும் சேர்ந்து போய்விடும். குடற்புழு மருந்தை 10 முதல் 14 நாள் முன்பு கொடுத்துவிட்டால், அதனால் வயிறு கொஞ்சம் கலங்கினாலும் வீட்டிலேயே சரியாகிவிடும்.

வீட்டில் பழக்க வேண்டியவை

இந்தப் பகுதிதான் அதிக நாள் பிடிக்கும். பெரும்பாலானவர்கள் கைவைக்காமல் விடுவதும் இதைத்தான்.

முதலில் தூக்கம். உங்கள் கட்டிலில் உங்களை ஒட்டித் தூங்கும் நாய், முதன்முறையாகத் தனியே தூங்குவது விடுதியின் கூண்டுக்குள் என்று ஆகிவிடக் கூடாது. அதன் படுக்கையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டுத் தொடங்குங்கள். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அறை வாசல், பிறகு வாசலுக்கு வெளியே, பிறகு வேறு அறை. இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாய்கள் பழகிவிடும். ஒரு கட்டத்தில் முனகிக்கொண்டே இருந்தால் முந்தின கட்டத்துக்குத் திரும்பி இரண்டு இரவு இருந்துவிட்டு மறுபடி நகருங்கள்.

அடுத்து மூடிய இடம். நாய் நிமிர்ந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டோ, சின்ன அறையோ போதும். கதவைத் திறந்து வைத்து உள்ளே சாப்பாடு வையுங்கள். அது தானாகப் போய் வரத் தொடங்கியபின் சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்துங்கள். பிறகு 5 நிமிடம், 15 நிமிடம், அரை மணி, 2 மணி. முதலில் நீங்கள் கண்ணில் படும்படி இருந்து, பிறகு மறையுங்கள். கத்தும்போது திறக்காதீர்கள், ஒரு கணம் அமைதியானதும் திறங்கள். ஆனால் எச்சில் ஒழுக, மூச்சிரைக்க, கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தால் அது பயம். பொறுத்துப் பார்த்துச் சரியாகும் விஷயமில்லை. நேரத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

மூன்றாவது, மூத்திரம் போகும் தரை. பலர் யோசித்தே பார்ப்பதில்லை. புல்லில் மட்டும் போய்ப் பழகிய நாய் சிமெண்ட் தரையில் போகாமல் அரை நாளுக்கு மேல்கூட அடக்கிக்கொள்ளும். மண், கல், சிமெண்ட் என்று பல தரைகளில் நடக்கவைத்துப் பழக்குங்கள். அது போகத் தொடங்கும் அந்த நொடியில் ஏதாவது ஒரே சொல்லை, நாள் தவறாமல் சொல்லிவாருங்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் போகும். அந்தச் சொல்லை விடுதிக்காரரிடம் கொடுத்தால் அவர் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி.

நான்காவது, மற்றவர் கை. நண்பரோ உறவினரோ வந்து லீஷைப் பிடித்து நடத்தட்டும், சாப்பாடு வைக்கட்டும், காதைத் தூக்கிப் பார்க்கட்டும், பாதத்தைத் தொடட்டும். உங்கள் கையில் மட்டும் சாப்பிடும் நாய் விடுதியில் பட்டினி கிடக்கும்.

ஒத்திகை

நான்கு வாரம் முன்பு பகலில் 3 மணி நேரம் விடுங்கள். அடுத்த வாரம் ஒரு முழுப் பகல். அதற்கடுத்து ஓர் இரவு. நிஜமான தங்கலுக்கும் இரவு ஒத்திகைக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கட்டும். வயிறு கெட்டாலோ பயந்திருந்தாலோ தேறுவதற்கு நேரம் வேண்டும், திட்டத்தை மாற்றிக்கொள்ள உங்களுக்கும் நேரம் வேண்டும்.

ஒத்திகையால் நாய்க்குக் கிடைக்கும் பெரிய பாடம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது. உங்களுக்கும் ஒரு பாடம் கிடைக்கும். சாப்பிட்டதா, எத்தனை முறை மலம் கழித்தது, மற்ற நாய்களோடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். “நன்றாக இருந்தது” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிற விடுதி நாயைக் கவனித்திருக்காது.

சாப்பாடு

விடுதியில் வயிறு கெடுவதற்குப் பதற்றம் ஒரு காரணம், திடீர் உணவு மாற்றம் இன்னொன்று. பதற்றத்தை முழுதாகத் தடுக்க முடியாது. உணவு மாற்றத்தைத் தடுக்கலாம். வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுத்தனுப்புங்கள்.

அளவைக் கிராமில் சொல்லுங்கள். “ஒரு கப்” என்றால் உங்கள் கப் வேறு, அவர்கள் கப் வேறு. இன்னும் நல்லது, வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துவிடுவது. வேளைக்கு 120 கிராம், நாளுக்கு 2 வேளை, 6 நாள் என்றால் 12 பொட்டலம். பயணம் தாமதமானால் என்று 2 நாளுக்கு 4 கூட்டி, 16 பொட்டலமாகக் கொடுங்கள். மிஞ்சிய பொட்டலத்தை எண்ணினால் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டில் சமைத்ததைச் சாப்பிடும் நாய் என்றால் விடுதியில் அதைத் தர முடியுமா, வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். முடியாதென்றால் 10 நாள் முன்பே மாற்றத் தொடங்குங்கள். முதல் 2, 3 நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, பிறகு முக்கால் பங்கு, கடைசியில் முழுவதும். நாய் முதல் நாள் சரியாகச் சாப்பிடாததைப் பொறுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரமாக எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கும் மிகச் சிறிய இன நாய்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குச் சில வேளை தவறினாலே சர்க்கரை இறங்கித் தள்ளாடும்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையாக நிறையப் போடாமல் 2, 3 வேளையாகப் பிரித்துத் தரவும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓடவிடாமல் இருக்கவும் எழுதிக் கொடுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் திணறினால் உடனே மருத்துவமனை. காலைவரை காத்திருந்தால் உயிர் தங்காது. இரவில் ஆள் தங்குகிறாரா என்று கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மருந்து

மருந்தை அதன் சொந்த உறையோடு கொடுங்கள். பெயர், அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது ஒரு தாளில் இருக்கட்டும். 3 நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். வலிப்பு மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இன்சுலின் போடும் நாய் சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவர் கையாலேயே எழுதி வாங்கிக் கொடுங்கள், அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

பதற்றத்தைக் குறைக்க மருத்துவர் மாத்திரை கொடுத்தால், விடுதிக்குப் போகும் முன் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஒரே மருந்து சில நாயை அமைதியாக்கும், சில நாயைத் தள்ளாட வைக்கும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் எதையும் பையில் போடாதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

எழுதிக் கொடுக்கும் தாள்

ஒரே பக்கம், பெரிய எழுத்து. நாயின் பெயர், வயது, எடை, மைக்ரோசிப் எண், சாப்பாட்டுக் கணக்கு, மருந்து. உங்கள் எண்ணோடு, நீங்கள் பயணத்தில் இருக்கும்போது எடுத்துப் பேசக்கூடிய இன்னொருவர் எண். உங்கள் மருத்துவரின் எண். அவசரத்தில் சிகிச்சை செய்ய ஒப்புதல், எவ்வளவு செலவுவரை உங்களைக் கேட்காமல் செய்யலாம் என்பது, உங்கள் கையெழுத்து.

வீட்டில் நாயிடம் எந்தச் சொற்களைப் பேசுகிறீர்களோ அவற்றையும் எழுதுங்கள். “உட்காரு” என்று கேட்டுப் பழகிய நாயிடம் “சிட்” என்று எத்தனை முறை சொன்னாலும் அது விழிக்கும், சொன்னதைக் கேட்காத நாய் என்று பெயரும் வாங்கும்.

மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டை எடுத்தால் உறுமும், சின்ன நாயைத் துரத்தும், இடிச் சத்தத்துக்குச் சுவரேறும், ஒருமுறை ஒருவரைக் கடித்திருக்கிறது என்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று மறைத்தால் கடிபடுவது அங்கே வேலை செய்யும் ஒருவர்.

பை

சாப்பாடு, மருந்து, தாள், தடுப்பூசி அட்டையின் நகல், வழக்கமான கிண்ணம், ஒரு படுக்கை விரிப்பு. நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய சட்டை ஒன்று. உங்கள் வாசனை அதில் இருப்பதால் முதல் இரவில் அதன் மேல் தலைவைத்துப் படுக்கும். கிழித்து விழுங்கும் பழக்கமுள்ள நாய் என்றால் சட்டை வேண்டாம். எலும்பும் தோல் மெல்லும் பொருட்களும் வேண்டாம். அவை தொண்டையில் அடைக்கலாம், அவற்றுக்காக நாய்கள் சண்டையும் போடும். பொருட்களில் பெயர் எழுதுங்கள். கழுத்துப்பட்டை சாதாரணப் பட்டையாக, உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையோடு, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் இருக்கட்டும். இறுகும் சங்கிலி கம்பியில் மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும்.

கிளம்பும் நாள்

முந்தின நாளே நகத்தை வெட்டி, எடையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். காலையில் நீண்ட நடை. சாப்பாட்டை வண்டி ஏறுவதற்கு 3, 4 மணி நேரம் முன்பு, வழக்கத்தைவிடக் குறைவாக. முடிந்தால் காலையில் கொண்டுபோய் விடுங்கள். இருட்டுவதற்குள் நாய் இடத்தைச் சுற்றி மோப்பம் பிடித்து, ஆட்களைப் பார்த்து, ஒரு வேளை சாப்பிட்டிருக்கும். மாலையில் விட்டால் வந்த உடனே இரவு.

விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும். லீஷைக் கையில் கொடுத்து, ஒருமுறை தடவிவிட்டு நடங்கள். கட்டிப்பிடித்து அழுதால் ஏதோ கெட்டது நடக்கிறது என்று நாய் உங்கள் உடம்பிலிருந்தே தெரிந்துகொள்ளும். வாசலில் திரும்பித் திரும்பி நிற்பதும் அப்படித்தான். அழுகை வந்தால் வண்டியில் ஏறிய பிறகு அழலாம், அதில் தவறொன்றும் இல்லை.

தங்கும் நாட்களில் படமும் இரண்டு வரிச் செய்தியும் கேளுங்கள். வீடியோ அழைப்பில் நாயைக் கூப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது. அடங்கிப் படுத்திருக்கும் நாய் உங்கள் குரலைக் கேட்டுத் தேடத் தொடங்கிவிடும்.

திரும்பி வந்ததும்

வீட்டுக்கு வந்ததும் மடமடவென்று தண்ணீர் குடிக்கும். கிண்ணத்தை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், இல்லையென்றால் வாந்தி எடுக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாதி அளவு சாப்பாடு. ஒன்றிரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருப்பதும், மலம் இளகியிருப்பதும், குரைத்துக் குரைத்துக் குரல் கம்மியிருப்பதும் வழக்கம். வீட்டுக்குள் மூத்திரம் போனால் திட்டாதீர்கள், பழைய நேரத்துக்கு வெளியே கூட்டிப்போனால் சில நாளில் சரியாகும்.

அன்றே உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கும். பாதத்தின் அடித்தோல் சிமெண்டில் தேய்ந்திருக்கலாம், வால் நுனி சுவரில் அடிபட்டுப் புண்ணாகியிருக்கலாம். எடை பாருங்கள். குறித்துவைத்ததில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், ஒரு நாளுக்கு மேல் பேதி அல்லது வாந்தி, 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உடல் சூடு என்றாலும் அப்படியே.

இரண்டு வாரம் இருமலைக் கவனியுங்கள். கென்னல் காஃப் தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி வறட்டு இருமல், முடிவில் ஓங்கரித்து நுரை துப்புவது, கழுத்துப்பட்டையை இழுத்தால் அதிகமாவது ஆகியவை அதன் அடையாளம். பட்டையைக் கழற்றி, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள், மற்ற நாய்களிடமிருந்து விலக்கிவையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். விடுதிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். உங்கள் நாய் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது வேறு நாய்கள் இருக்கும், அவற்றைப் பிரித்துவைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.